அந்த ஃபோல்டர் மட்டும் போதும் அண்ணே

தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி, பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். ஆன் செய்ததும் ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று தட்டியது. அந்தச் சத்தம் வந்துவிட்டால் அதிகம் தேறாது.

"உள்ள என்ன இருக்கு தம்பி, போட்டோவா?"

"போட்டோ போனாலும் பரவால்லண்ணே. டாக்குமென்ட்ஸ்ல கிரிக்கெட் 07-னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அது மட்டும் போதும்."

ப்ளஸ் டூ படிக்கும்போது ஆடத் தொடங்கியவர். இன்று கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருக்கிறார்.

இப்படிக் கேட்டு வருபவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. கிரிக்கெட் 07 என்பது ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்ட வீடியோ கேம். ஆஸ்திரேலியாவில் ஆஷஸ் தொடர் தொடங்கிய நேரம். அட்டைப்படத்தில் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் இருந்தார். உருவாக்கிய ஹெச்.பி. ஸ்டூடியோஸ் கனடாவின் லூனன்பர்க் என்ற சின்னக் கடலோர ஊரைச் சேர்ந்தது. ஐஸ் ஹாக்கி ஆடும் நாட்டில் செய்த கிரிக்கெட் நம் பையன்கள் கையில் இத்தனை வருஷம் ஓடுகிறது. ஈ.ஏ. அதன்பின் கம்ப்யூட்டருக்குப் புதிய கிரிக்கெட் கேம் எதையும் கொண்டுவரவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? பவுலர் ஓடி வருகிறார். பந்து எங்கே குத்தும் என்று பிட்ச்சில் ஒரு குறி தெரிகிறது. அதைப் பார்த்ததும் முடிவெடுத்தாக வேண்டும்: காலை முன்னே வைப்பதா, பின்னே போவதா, தரையோடு அடிப்பதா, தூக்குவதா. வலது கை அம்புக்குறி விசைகளில் திசையைச் சொல்லும். இடது கை எழுத்து விசைகளில் ஷாட்டைச் சொல்லும். கொஞ்சம் முந்தி அழுத்தினால் பந்து காற்றில் எழும்பும். பிந்தினால் ஸ்டம்ப் போகும். விதிமுறை அவ்வளவுதான், ஐந்து நிமிஷத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் புதுப்பந்தில் முதல் பத்து ஓவரை விக்கெட் விடாமல் தாண்டுவதற்குப் பல நாள் பழக வேண்டும். தூக்கி அடித்தே ரன் குவிக்கும் குறுக்குவழி இருக்கிறது, உண்மைதான். ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச்சைப் பொறுமையாக ஆடிப் பார்த்தவர்களுக்கு அதில் ருசி இருக்காது.

என் கணக்கில் இந்த கேம் சாகாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. அதில் ஒரு பெரிய குறை இருந்தது. உரிமம் கிடைக்காததால் இந்திய வீரர்களின் பெயர்களைத் திரித்துத்தான் போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் தங்கள் பெயரில் இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்ய ரசிகர்களே இறங்கினார்கள். பெயரை மாற்றினார்கள், பிறகு ஜெர்சி, பேட், முகம், மைதானம் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். இவற்றை 'பேட்ச்' என்பார்கள். காசு வாங்காமல், ராத்திரி கண்விழித்துச் செய்த வேலை அது. அந்த உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேம் வந்தபோது ஐ.பி.எல்.லே கிடையாது, அது 2008-இல்தான் தொடங்கியது. ஆனாலும் கிரிக்கெட் 07-க்குள் சென்னை அணி மஞ்சள் ஜெர்சியில் ஆடுகிறது. விராட் கோலி இந்தியாவுக்கு முதன்முதலில் ஆடியது 2008-இல், நம் சேலத்து நடராஜன் 2020-இல். வருஷா வருஷம் புது வீரர்களைச் சேர்த்துக்கொண்டே வந்ததால் கேமுக்கு வயதாகவில்லை.

2011-இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் வந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அந்த மெஷினில் இது தடுமாறாமல் ஓடியது. அப்போது கிராமத்தில் நெட் கிடையாது. யாரோ ஒருவன் டவுனில் இறக்கிவந்த பேட்ச், பென்டிரைவில் ஏறி ஒரு வகுப்பு முழுக்கச் சுற்றியது. அடுத்த வருஷத்து ஐ.பி.எல். பேட்ச் கேட்டு என் கடை வாசலில் சைக்கிள்கள் நிற்கும். இன்று வரும் கிரிக்கெட் கேம்களில் வியர்வைத் துளி வரைக்கும் தெரிகிறது, அழகுதான். அவற்றை ஓட்ட வாங்க வேண்டிய கம்ப்யூட்டரின் விலை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாது.

அக்கா மகனுக்கு வயது பன்னிரண்டு. லீவுக்கு வந்தால் கடையில் இதைத்தான் ஆடுவான். ஒருநாள், "கமென்ட்ரில மெதுவாப் பேசுறாரே, அவர் யார் மாமா?" என்று கேட்டான். மார்க் நிக்கோலஸுடன் அதில் வர்ணனை செய்திருப்பவர் ரிச்சி பெனாட். ஆஸ்திரேலியாவின் பழைய கேப்டன். டெஸ்ட்டில் 2,000 ரன்னும் 200 விக்கெட்டும் முதலில் எட்டியவர். 2015-இல் காலமாகிவிட்டார் என்றேன். அடுத்த பந்தைப் போடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அதற்குப் பிறகு அவன் வர்ணனையை மியூட் செய்து நான் பார்க்கவில்லை.

அந்தத் தம்பியின் ஃபோல்டர் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் போராடினேன். போட்டோக்களிலும் பாதி தேறியது.

உங்களிடமும் அப்படி ஒரு லேப்டாப் பரணில் கிடக்கலாம். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் டாக்குமென்ட்ஸைத் திறந்து பாருங்கள். கேமை மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். நீங்கள் அடித்த சதங்களும் பாதியில் நிறுத்திய தொடரும் அந்த ஒரு ஃபோல்டரில்தான் இருக்கின்றன. பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு, பிறகு ஃபார்மட் போடச் சொல்லுங்கள்.