பொன்னிலே ஒரு கடற்பஞ்சு

யாழ்ப்பாண நகரின் கஸ்தூரியார் வீதி வழியே செல்வோரின் கண்களை நகைக்கடைகளின் ஒளி கவரும். பழைய நகை மீண்டும் தூய பொன்னாவது எவ்வாறு? பொற்கொல்லர் நெடுங்காலமாகக் கையாண்ட ஒரு முறையையும், அதில் அடங்கிய இரசாயன நுட்பத்தையும் இன்று நோக்குவோம்.

நகைப் பொன்னிலே வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும். அதை நேரே திராவகத்தில் இட்டாற் பயனில்லை. மிகுதியாயுள்ள பொன்னணுக்கள் மற்றவற்றை மறைத்துக் காத்துவிடும். ஆகவே பொன் ஒரு பங்கும் வெள்ளி மூன்று பங்குமாக இருக்குமாறு மேலும் வெள்ளி சேர்த்து உருக்குவர். தூய்மை செய்யப் புகுந்தவர் கலப்பை மிகுதியாக்குவது விந்தையன்றோ! பின்னர் அதை மெல்லிய தகடாக்கி நைத்திரிக்கமிலத்திற் காய்ச்சினால், வெள்ளி கரையும். பொன் கபில நிறத்தோடு எஞ்சும்.

அவ்வாறு எஞ்சிய பொன் கடற்பஞ்சு போன்றது. வெள்ளியணு நீங்கியதும் அயலிலுள்ள பொன்னணுக்கள் நகர்ந்து ஒன்றுகூடுகின்றன. அவை விலகிய இடத்தில் அடுத்த படையின் வெள்ளி வெளிப்பட்டு அமிலத்துக்கு இரையாகிறது. இவ்வாறு நுண்வழிகள் உள்ளே ஊடுருவிச் செல்கின்றன. இதனை அறிவியலார் 2001இல் கணிப்பொறியின் துணைகொண்டு தெளிவாக விளக்கினர்.

இதே நெறியைப் பயன்படுத்தியவர் அமெரிக்கரான மறே ரேனி. நிக்கலையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கி, எரிசோடாவினால் அலுமினியத்தைக் கரைத்து, துளைமிக்க நிக்கலைப் பெற்றார். 1927இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தாவர எண்ணெயோடு ஐதரசனைச் சேர்த்துக் கெட்டியான கொழுப்பாக்குதற்கு அது சிறந்த ஊக்கியாயிற்று. அத்தகைய நிக்கலில் ஒரு கிராமின் மேற்பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீற்றர். நம்மவர் கணக்கிற் சொன்னால், இரண்டரைக் கிராம் நிக்கலுக்குள்ளே ஒரு பரப்புக் காணி அடங்கிக் கிடக்கிறது!

ஆனால் கரைந்துபோன வெள்ளி எங்கே? அமிலத்திலே செப்புத் தகட்டை இட்டால் வெள்ளி மீளப் படியும். எஞ்சும் நீலநிற நீரிற் செம்பும் நைத்திரேற்றும் உள்ளன. அதனை வளவில் ஊற்றுதல் பெருந்தீங்கு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். அதன் வெடிப்புகளினூடாக ஊற்றிய நீர் கிணற்றைச் சென்றடையும். பசளையாலும் மலக்குழிகளாலும் நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று முன்னரே மிகுந்துள்ளது. காய்ச்சும்போது எழும் செங்கபிலப் புகையோ நுரையீரலைக் கெடுப்பது. அதன் கேடு சில மணி நேரங் கழித்தே தோன்றுவதும் உண்டு.

எனவே புகையை வெளியேற்றும் போக்கி இல்லாத அறையில் இத்தொழிலைச் செய்யலாகாது. கழிவு நீரை நிலத்தில் விடவும் ஆகாது. பொன்னைத் தூய்மை செய்யும் கை, கிணற்றையும் தூய்மையாகக் காத்தல் வேண்டும்.