மகளிர் பாடசாலை: பெரிய மேளத்தை யார் அடிப்பது?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மகள் சித்தியடைந்ததும் எங்கள் வீட்டில் ஒரு விவாதம் தொடங்கியது. ஆறாம் தரத்துக்கு எந்தப் பாடசாலைக்கு விண்ணப்பிப்பது? அவள் படிப்பது ஊரிலுள்ள கலவன் பாடசாலை. நான் படித்தது யாழ்ப்பாணத்தில் ஒரு மகளிர் பாடசாலை.

"உலகம் ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதானே. பிறகேன் பிள்ளையைத் தனியப் பிரிச்சு வைப்பான்?" என்றார் கணவர்.

மகளின் கவலை வேறு. "அம்மா, அங்க பெடியங்கள் இல்லையெண்டால் பாண்ட்ல பெரிய மேளம் ஆர் அடிக்கிறது?"

எங்கள் மண்ணில் மகளிர் கல்வி பெண்ணின் சுதந்திரத்தை மட்டும் எண்ணித் தொடங்கியதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை உருவானது. படித்த கிறிஸ்தவ இளைஞருக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பெற்றோர் தயங்கியதால் உணவும் உடையும் கொடுத்தனர். படிப்பை முடித்தவர்களுக்குச் சீதனமும் வழங்கினர். 1896இல் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி வந்தது. 1913இல் சைவச் சூழலில் பெண்கள் படிக்கவென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். சீதனம் கொடுத்துப் பிள்ளைகளை அழைத்த காலம் போய், இன்று அனுமதிக்குப் போட்டி போடுகிறோம்.

பெறுபேறுகளைக் காட்டி இப்பாடசாலைகளைப் புகழ்வது முழு நியாயமல்ல. வெட்டுப்புள்ளி வைத்துத் திறமையான பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் பாடசாலையில் நல்ல பெறுபேறு வருவதில் வியப்பில்லை. நான் பெற்ற பயன் வேறிடத்தில் இருந்தது.

எங்கள் பாடசாலையில் வேலையைத் தள்ளிவிட ஆண்பிள்ளைகள் இல்லை. விளையாட்டுப் போட்டிக்குக் கொட்டில் போட்டதும், வாங்கு மேசை சுமந்ததும், ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்ததும் நாங்கள்தான். நாடகத்தில் இராவணனும் நாங்களே, சீதையும் நாங்களே. பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஒருத்தி சுற்றை இணைக்க மற்றவள் கொப்பியில் குறிப்பெழுதினாலும், அடுத்த முறை இடம் மாறுவோம். பிழையான விடை சொன்னால் பின்வாங்கிலிருந்து கேலி வரும் என்ற பயம் குறைவு. மாதவிடாய் வந்த நாளிலும் ஒளிந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் உண்டு. "பொம்பிளைப் பிள்ளை அடக்கமாய் இரு" என்ற பாடத்தையும் எங்களுக்குச் சில ஆசிரியைகள் சேர்த்தே படிப்பித்தார்கள். பல்கலைக்கழகம் போன முதல் மாதங்களில் ஆண்கள் இருக்கும் வகுப்பில் வாய்திறக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. கணவர் சொல்வதில் உள்ள உண்மை அது. ஆனால் ஒரு குழு வேலைக்குத் தலைமை யார் என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது. ஏழு வருடம் பழகிய கை அது.

எல்லா ஊரிலும் மகளிர் பாடசாலை இல்லை. அதனால் அந்தப் பழக்கத்தைக் கலவன் பாடசாலையிலும் உருவாக்க முடியுமா என்று கேட்பதே முக்கியம். முடியும். மாணவத் தலைமையும் ஆய்வுகூடமும் மைதானமும் யாருக்கு என்பதை ஆசிரியர்கள் கவனித்துப் பகிர வேண்டும். தானாக அது நடக்காது.

விண்ணப்பப் படிவத்தில் முதல் தெரிவாக மகளிர் பாடசாலையின் பெயரை மகளே எழுதினாள். புதிய பாடசாலைக்குப் போக இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் இப்போதைய பாண்ட் ஆசிரியரிடம் ஒருநாளாவது பெரிய மேளத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

"தராட்டி?" என்றாள்.

"தராட்டி, ஏன் எண்டும் கேள்" என்றார் அவளது அப்பா.