இலக்கும் கையும் – 9
கையும் இரும்பும் சந்திக்கும் இடம்

துப்பாக்கிக் குழலின் உட்புறத் திருகுவரிகள் தோட்டாவைச் சுழலவைத்து நேர்வழியில் அனுப்புவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைப் படித்தவுடன் எழக்கூடிய கேள்வி இது: கையில் இருக்கும் சாதாரணப் போட்டிப் பிஸ்டலை இன்னும் துல்லியமாக்குவது எப்படி? நல்ல குழல் வாங்கலாமா, விலை கூடிய குறிகாட்டி பொருத்தலாமா என்றே மனம் ஓடும். ஆனால் துல்லியம் தவறும் இடம் பெரும்பாலும் குழல் இல்லை. உள்ளங்கை பிடியைத் தொடும் இடமும் விரல் விசையைத் தொடும் இடமும்தான். செலவிடும் பணமும் உழைப்பும் முதலில் அங்கேதான் போகவேண்டும் என்பது என் வாதம்.

இதற்கான முதல் சான்று ஒரு போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. ‘25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல்’ பிரிவில் .22 தோட்டாவால் மொத்தம் 60 முறை சுடவேண்டும். முதல் 20 தோட்டாக்களை ஐந்தைந்தாகச் சுட, ஒவ்வொரு ஐந்துக்கும் 150 விநாடி. அடுத்த 20-க்கு, ஐந்துக்கு 20 விநாடி. கடைசி 20-க்கு வெறும் 10 விநாடி. அதுவும் தாழ்த்திய கையை உயர்த்திய பிறகே சுடமுடியும். அதே பிஸ்டல், அதே தோட்டா, அதே தூரம், 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதே பத்துப் புள்ளி வட்டம். ஆனாலும் நேரம் சுருங்கச் சுருங்கப் புள்ளிகள் குறைவதே வழக்கம். 150 விநாடியில் நன்றாகச் சுட்ட குழல் 10 விநாடியில் கெட்டுப்போவதில்லை. அமெரிக்க வீரர் எரிக் புல்யுங் 1983-இல் இந்தப் பிரிவில் 600-க்கு 584 எடுத்தார். தோட்டாவுக்குச் சராசரியாக 9.73 புள்ளி. அந்த உயரத்திலும் கைநழுவிய 16 புள்ளிகளைக் குழலின் கணக்கில் எழுதுவது கடினம். நல்ல போட்டிப் பிஸ்டலைப் பிடிப்பானில் இறுக்கிச் சுட்டால், துளைகள் பத்து வட்டத்தின் பாதிக்கும் குறைந்த பரப்புக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது சான்று எளிய வடிவக்கணக்கு. விதிப்படி இந்தப் பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 220 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. சுடுபவரின் கை முழுவதும், குறிகள் நேர்கோடு பிசகாமல், 10 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் தோட்டாவும் 10 மில்லிமீட்டர்தான் விலகும்; பத்துப் புள்ளி கைவிட்டுப் போகாது. ஆனால் மணிக்கட்டு திரும்பி, பின்குறியின் நடுவிலிருந்து முன்குறி அரை மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் தோட்டா ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். பத்தையும் ஒன்பதையும் தாண்டி எட்டில் விழும். ஆகவே கை நடுங்குவது பெரிய குற்றமில்லை. நடுங்காத கை யாருக்கும் இல்லை. விசையை இழுக்கும் கணத்தில் குறிகள் ஒன்றோடொன்று பிசகுவதே குற்றம். இலக்கை மங்கலாக விட்டு முன்குறியைத் தெளிவாகப் பார் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதன் காரணமும் இதுவே.

அந்தப் பிசகு எங்கே பிறக்கிறது? இந்தப் பிரிவில் விசையின் இழுவை 1000 கிராமுக்குக் குறையக்கூடாது. பிஸ்டலின் எடை 1400 கிராமைத் தாண்டக்கூடாது. ஒற்றைக் கையில் தாங்கும் பொருளை, ஏறத்தாழ அதன் எடைக்கு நிகரான விசையால் ஒரு விரல் இழுக்கிறது. அந்த இழுவை நேர் பின்னோக்கி வராமல் சற்றே பக்கவாட்டில் சாய்ந்தாலும் குழல்வாய் திரும்பிவிடும். எனவே முதல் வேலை பிடியில். கட்டைவிரல் மேடும் விரலிடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமரும்படி மரப்பிடியை அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து, தேவையான இடத்தில் மரப்பசை அப்பிச் சரிசெய்யவேண்டும். கண்ணை மூடிக் கையை நீட்டித் திறந்தால் குறிகள் தாமாகவே நேராக நிற்பதுதான் நல்ல பிடிக்கு அடையாளம். இரண்டாவது வேலை விசையில். எடையைக் குறைப்பது நோக்கமில்லை. விதி அதைத் தடுக்கிறது, பாதுகாப்பும் தடுக்கிறது. முதல் கட்ட இழுவை எங்கே முடிகிறது, இரண்டாம் கட்டம் எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். திருகு வைத்து அமைத்த அளவுக்குள் திருத்துவது வீரரின் வேலை. உள்ளுறுப்பைத் தேய்ப்பது உரிமம் பெற்ற கைவினைஞரின் வேலை. மூன்றாவது, தோட்டா. ஒரே பெயரில் வரும் .22 தோட்டாக்களும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறுபடும். நம் குழலுக்கு ஒத்துவரும் தொகுதியைச் சோதித்து, அதையே சேர்த்து வைப்பது நல்லது.

அப்படியானால் இயந்திரத்தைத் திருத்திப் பயன் கண்டவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்ற .45 பிஸ்டலே அதற்கு உதாரணம். சேற்றிலும் மணலிலும் சிக்காமல் இயங்க, அதன் உறுப்புகளுக்கிடையே தளர்ச்சி தேவைப்பட்டது. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் கீழிறங்கி மீண்டும் மேலேறிப் பூட்டிக்கொள்ளும். தளர்ச்சியால் அது எப்போதும் ஒரே இடத்தில் அமர்வதில்லை. ஓஹாயோவின் கேம்ப் பெர்ரி மைதானத்தில் 50 கெஜ தூரத்துக்குச் சுடுபவர்களுக்காகக் கைவினைஞர்கள் மேலுறையைச் சட்டத்தோடு இறுக்கிப் பொருத்தினார்கள். குழல்வாயில் புதிய வளையம் செய்து போட்டார்கள். பலன் கிடைத்தது. கையின் பிழையை மறைக்கும் அளவுக்கு இரும்பின் பிழை அங்கே பெரிதாக இருந்தது. இன்றைய .22 போட்டிப் பிஸ்டல்களிலோ பொதுவாகக் குழல் அசையாமல் சட்டத்தோடு பிணைந்திருக்கிறது. இல்லாத நோய்க்கு மருந்து தேடவேண்டாம்.

இன்னொரு ஆட்சேபணை நம் நாட்டு நினைவிலிருந்து வரும். டோக்கியோ ஒலிம்பிக்ஸின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் துப்பாக்கி நடுவில் பழுதானது. நிமிடங்கள் வீணாகி, 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் நின்றார். கருவி முக்கியமில்லை என்று அதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது? நான் அப்படிச் சொல்லவில்லை. அங்கே தவறியது நம்பகம், துல்லியம் வேறு. சுத்தம் செய்தல், தேய்ந்த உறுப்பை மாற்றுதல், மாற்றுக் கருவியைத் தயாராக வைத்தல் ஆகியவை கட்டாயம். ஆனால் பழுதில்லாத கருவி புள்ளியைக் காக்குமே தவிரச் சேர்த்துத் தராது. அதே மனு 2024-இல் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார்.

ஹங்கேரியின் காரோலி டகாச் 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கையின் பயனை இழந்தார். இடக்கையைப் பழக்கி, 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் விரைவுச் சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். எல்லாரும் டகாச் ஆகமுடியாதுதான். ஆனால் அவர் தொடக்கத்திலிருந்து மறுபடி கட்டியெழுப்பியது ஒரு கையை. ஸ்டாண்டர்ட் பிஸ்டல் வைத்திருப்பவரும் பிடியைத் தன் கைக்குப் பொருத்தி, விசையைத் தெளிவாக்கி, தோட்டாவைத் தேர்ந்தபின் எஞ்சும் வேலை அதுவே: தோட்டா இல்லாமல், முன்குறி அசையாமல் விசை இழுக்கும் தினசரிப் பழக்கம். அந்தப் பழக்கத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.