லயத்தில் தள்ளி இருப்பது எப்படி?



2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் நின்றன. ஆனால் கொழுந்து நிற்குமா? வாரம் பத்து நாள் எடுக்காவிட்டால் முற்றிப் போகும். நம் பெண்கள் முகக்கவசத்தோடு மலைக்குப் போனார்கள்.

"ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள்" என்றார்கள். மலையில் நிரைக்கு நிரை தள்ளி நிற்கலாம். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போதும் தள்ளி நிற்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறேழு பேர். பல வீட்டுக்கு ஒரே பீலி, ஒரே கக்கூஸ். காய்ச்சல்காரரை எங்கே தனியாகப் படுக்க வைப்பது?

இன்னொன்று, வேலைக்குப் போனால்தான் பேர். 14 நாள் வீட்டிலிருந்தால் அடுப்பு எரியாது. அதனால்தான் சிலர் காய்ச்சலை மறைத்தார்கள். கொழும்பில் வேலை போய்த் திரும்பிய பிள்ளைகளை, நோய் கொண்டு வந்ததாகச் சொல்லி ஒதுக்கியவர்களும் உண்டு. குற்றம் அந்தப் பிள்ளைகளிடம் இல்லை. நெருக்கடியான லயமும் வறுமையும்தான் காரணம்.

கொரோனாக் காலம் போய்விட்டது, லயம் போகவில்லை. சளிக்காய்ச்சலும் காசநோயும் அதே வழியில்தான் பரவும். ஆகவே தனி வீடு, தனிக் கக்கூஸ், நல்ல தண்ணீர் கேட்பது சலுகை கேட்பதல்ல. அதுவும் ஒரு நோய்த்தடுப்புத்தான். தலைவர்மார் சம்பளம் பேசப் போகும்போது இதையும் பேசச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ச்சலை மறைக்காமல் மருந்துக்குப் போங்கள். படுத்திருக்கும் வீட்டுக்கு ஒருவேளைச் சோறு கொடுங்கள். நோயைத் தள்ளி வைப்போம், ஆளைத் தள்ளி வைக்க வேண்டாம்.