டர்பன் போவதற்கு முன் ஒரு டீ

எதிர்வீட்டு சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரும் டீச்சரம்மாவும் டிசம்பரில் தென்னாப்பிரிக்கா போகிறார்கள். தம்பி மகன் டர்பனில் வேலையில் இருக்கிறான். நேற்று மாலை இருவரும் டீக்கு வந்தபோது சார் உட்காரும்போதே கேட்டார்: "ஸ்வெட்டர் எத்தனை எடுத்துக்கணும்?"

ஒன்றுகூட வேண்டாம் சார், என்றேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிற ஊர். நம் மார்கழி அவர்களுக்கு நடுக்கோடை. வெயில், மழை, புழுக்கம் மூன்றும் ஒரே நாளில் வரும். சென்னையில் குடியிருந்தவருக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. புழுக்கம் வேண்டாம் என்றால் ஜூன், ஜூலைதான் நல்ல காலம். மழை குறைவு, வெயிலும் இதமாக இருக்கும். நீங்கள்தான் டிக்கெட் போட்டுவிட்டீர்களே.

கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே நாட்டில் கேப் டவுன் கடற்கரையில் தண்ணீரில் இறங்கினால் கோடையிலும் கால் விறைக்கும். டர்பனில் குளிர்காலத்திலும் குளிக்கலாம். வெப்பமண்டலப் பக்கமிருந்து தெற்கே இறங்கும் அகுல்ஹாஸ் நீரோட்டம் டர்பன் கரையோரமாகப் போகிறது. கேப் டவுன் பக்கம் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம். இந்த இதமான தண்ணீர் சுறாவுக்கும் பிடிக்கும். அதனால் 1952 முதல் டர்பன் கரைக்கு அப்பால் சுறா வலை கட்டிவைத்திருக்கிறார்கள். உயிர்காப்பாளர்கள் கொடி நட்டிருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

"அங்கே நம்ம ஆளுங்க நிறையவாமே?" என்றார் டீச்சரம்மா.

நிறைய. ஆனால் 'நம்ம ஆளுங்க' என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் நாளே குழம்பிப்போவீர்கள். சென்னையிலிருந்து ஆள் ஏற்றிப் புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படி வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். தமிழர், தெலுங்கர், போஜ்பூரி பேசும் வடக்கத்தியர். கைக்காசு போட்டுக் கப்பலேறி வந்த குஜராத்தி வியாபாரிகள் தனி. இவர்களுக்குள்ளேயே நாலைந்து உலகம் இருந்தது.

இன்று கடைப் பலகைகளில் 'கோவெண்டர்' என்று பார்ப்பீர்கள். அது கவுண்டர். 'மூட்லி' என்றால் முதலி. படையாச்சி, பிள்ளை எல்லாம் உண்டு. ஆங்கிலேயப் பதிவேட்டில் ஏறிய எழுத்து அப்படியே பரம்பரைப் பெயராகிவிட்டது. அதை வைத்து ஊர், உறவுமுறை விசாரிக்க ஆரம்பிக்காதீர்கள் சார். அவர்களுக்கு அது வெறும் குடும்பப் பெயர். பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான். ஆனால் "நாங்க தமிழ்" என்று அழுத்திச் சொல்வார்கள். பேச்சு போன பிறகும் சாமியும் சடங்கும் நின்ற தமிழ் அது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அங்கே 'போரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். நம் ஆடிதான், அவர்களுக்குக் குளிர்காலம். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் பெரிய கூட்டம் சேர்வது எப்போது தெரியுமா? புனித வெள்ளிக்கு. தோட்டத்து முதலாளிகள் ஈஸ்டருக்கு லீவு விட்டார்கள். அம்மன் அதற்கேற்பத் தேதியை மாற்றிக்கொண்டாள்.

சார் கண்ணாடி தம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ எல்லாரும் கலந்து வாழற ஊரா?"

இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். கலந்து அல்ல, பக்கத்தில் பக்கத்தில். அதுவும் தானாக அமைந்ததல்ல. 1949-இல் ஜூலுக்களுக்கும் இந்தியர்களுக்கும் பெரிய கலவரம், 142 பேர் செத்தார்கள். மறு வருடம் வந்த குழுப்பகுதிச் சட்டம் இன்னாருக்கு இன்ன இடம் என்று நகரத்தைக் கோடு போட்டுப் பிரித்தது. கேட்டோ மேனரில் வீடும் கோவிலும் கட்டி வாழ்ந்த இந்தியர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஜூலுக்களுக்கு குவாமாஷு, உம்லாசி. கடற்கரையில்கூட வெள்ளையருக்கு என்று தனி மணல். சட்டம் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் வீடு இருந்த இடத்திலேயேதானே இருக்கும்? அதனால் கடற்கரை ஓட்டலில் தங்கி, அலையைப் பார்த்து, ஷாப்பிங் மால் போய்த் திரும்பினால் அந்த ஊரில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எல்லாரும் தோள் உரசுகிற இடம் வார்விக் சந்திப்பு. ரயிலும் பஸ்ஸும் மினிபஸ் டாக்சியும் கூடுகிற இடம். வெளியே ஒதுக்கப்பட்டவர்கள் வேலைக்கு வந்து இறங்கிய வாசல் அதுதான். அங்கே கட்டி முடிக்காமல் விட்ட ஒரு மேம்பாலத்தின் மேலேயே ஜூலு மூலிகைச் சந்தை நடக்கிறது. வேர், பட்டை, காய்ந்த தோல். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். பக்கத்தில் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் 'மாமியார் மசாலா' என்று மிளகாய்த்தூள் குவித்திருப்பார்கள். டீச்சரம்மா, மருமகளுக்கு வாங்கிவர வேண்டாம். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஜும்மா பள்ளிவாசலும் இம்மானுவேல் பேராலயமும் நெருங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மதரசா ஆர்கேட் என்ற கடைச் சந்து. காலையிலேயே போங்கள், வழிகாட்டியோடு. நகையும் செல்போனும் கண்ணில் படக்கூடாது. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நடக்கவே வேண்டாம்.

எதிரே வருகிறவரிடம் "சாவுபோனா" என்றால் முகம் மலரும். ஜூலுவில் வணக்கம், சொல்லுக்கு நேர்ப்பொருள் 'உன்னைப் பார்க்கிறோம்'. யாராவது "அடுத்த ரோபோவில் திரும்புங்கள்" என்றால் பயப்படாதீர்கள், அங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்.

"சாப்பாடு?" டீச்சரம்மாவுக்கு அதுதான் கவலை.

பன்னி சௌ. வெட்டாத ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றித் தருவார்கள். கால், அரை, முழுசு என்று கேட்க வேண்டும். கால் போதும், அரை வாங்கி நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். தொட்டுக்கொள்ளத் துருவிய கேரட், வெங்காயம், பச்சைமிளகாய்.

"பன்னின்னா... முயலா?"

முயலும் இல்லை, நீங்கள் நினைக்கிற இன்னொன்றும் இல்லை. 'பனியா' என்ற சொல் மருவியது என்று அங்கே சொல்கிறார்கள். சைவத்துக்கு பீன்ஸ் பன்னி இருக்கிறது, நம் ராஜ்மா மாதிரி. ஸ்பூன் மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன், கல்லாவில் இருந்த பாட்டி நெற்றிக் குங்குமத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்க நிஜமாவே இந்தியாவிலேர்ந்துதான் வர்றீங்களா?"