தண்ணீரில்தான் பவுடரைப் போடணும்

சந்தாபுராவில், ஓசூர் ரோட்டை ஒட்டி, வீடுகளுக்கு பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கார்னிஸும் சீலிங் பூவும் வார்த்துக் கொடுக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். வேலைக்கு வரும் பையன்களிடம் முதலில் சொல்வது: தண்ணீரில் பவுடரைத் தூவு, பவுடரில் தண்ணீரை ஊற்றாதே. தூவியது தண்ணீருக்கு மேலே சின்னத் திட்டுகளாக நின்றால் போதும். பிறகு நிதானமாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி புகுந்து, பூவிதழில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும்.

பவுடர் வேறொன்றுமில்லை, ஜிப்சம் கல்தான். நம் நாட்டில் பெரும்பாலும் ராஜஸ்தானில் வெட்டுகிறார்கள். சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால் கல்லுக்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். நாம் தண்ணீர் சேர்த்ததும் இழந்ததை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சிமென்ட் காய்ந்தால் சுருங்கும். இது இறுகும்போது துளி விரியும். அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிறைவது அதனால்தான்.

களிமண் மாதிரியின் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பது பழைய முறை. அந்த அச்சில் சோப்புக் கரைசல் பூசாமல் வார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நெளிவு சுளிவான பூவேலைக்கு ரப்பர் அச்சே சரி, வளைத்து உரித்துவிடலாம். அச்சு எதுவானாலும் பவுடர் நன்றாக இருக்க வேண்டும்; ஈரம் இழுத்த மூட்டையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடமாட்டேன்.

விநாயகர் சிலை கேட்டு வருபவர்களைக் களிமண் செய்பவர்களிடம் அனுப்பிவிடுவேன். பிளாஸ்டர் குளத்தில் லேசில் கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 நெறிமுறையும் பிளாஸ்டர் சிலையைக் குளத்தில் கரைப்பதைத் தடுக்கிறது.

கை அச்சு கேட்டு வருபவர்களிடமும் ஒன்று சொல்வேன்: இறுகும்போது பிளாஸ்டர் நன்றாகச் சூடேறும். 2007-இல் இங்கிலாந்தில் பிளாஸ்டருக்குள் கையைப் புதைத்து அச்செடுக்கப் போன பள்ளி மாணவி ஒருத்தி விரல்களை இழந்தாள். குழந்தையின் கை அச்சு வேண்டுமென்றால், களிமண்ணில் கையைப் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் பிளாஸ்டரை ஊற்றுங்கள்.