இளம் ஓட்டுநருக்குப் படிமுறை உரிமம்

மோட்டார் வண்டியை இயக்கும் முறையைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டுவிடலாம். கியரை மாற்றுவதும், பிரேக்கை அழுத்துவதும், வளைவில் வண்டியைத் திருப்புவதும் கைகால்களின் பழக்கத்தால் வருபவை. இளம் வயதினருக்கு அவை விரைவாகவே கைவந்துவிடுகின்றன. ஆனால் எதிரே வரும் லாரியின் வேகத்தை மதிப்பிடுவதும், சாலையோரம் நிற்கும் குழந்தை குறுக்கே ஓடிவரக்கூடும் என்று முன்கூட்டி எண்ணுவதும், முந்திச் செல்ல இடம் போதாது என உணர்ந்து பொறுத்திருப்பதும் அனுபவத்தால் மட்டுமே வருபவை. கை பழகிய பின்னும் அனுபவம் முதிராதிருக்கும் இடைக்காலமே புதிய ஓட்டுநருக்கு மிகவும் அபாயமான காலமாகும். அதனைப் பாதுகாப்பாகக் கடக்கச் செய்யும் பொருட்டு வகுக்கப்பட்டதே 'படிமுறை உரிமம்' என்னும் ஏற்பாடு.

அபாயத்தின் தன்மை

பயிலுநர் ஒருவர், அனுபவமுள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஓட்டும்போது விபத்துகள் மிகக் குறைவாகவே நேர்கின்றன. அவர் உரிமம் பெற்றுத் தனியே ஓட்டத் தொடங்கியதும் விபத்துகள் திடீரென உயர்கின்றன. முதற் சில மாதங்களில் உச்சத்தில் இருக்கும் இந்நிலை, அதன்பின் படிப்படியாகத் தணிகிறது. பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை இது.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஓட்டினாலன்றி அனுபவம் வராது. அனுபவமின்றி ஓட்டுவதோ ஆபத்து. எனவே, அபாயம் குறைந்த சூழ்நிலைகளில் முதலில் ஓட்டச் செய்து, அனுபவம் வளர வளரக் கடினமான சூழ்நிலைகளுக்கு அனுமதிப்பதே தக்க வழி என்பது தெளிவாகும்.

எந்தச் சூழ்நிலைகள் கடினமானவை? அவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, இரவு. விளக்கொளி எட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் புலப்படாது. உறக்கமும் களைப்பும் கவனத்தைக் குலைக்கும். மற்றொன்று, உடன் வரும் நண்பர்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 16 வயது ஓட்டுநர்களைப் பற்றிக் கூறுவது கருதத்தக்கது. தனியே ஓட்டுவதோடு ஒப்பிட, ஒருவர் உடனிருந்தால் ஓட்டுநர் உயிரிழக்கும் அபாயம் 39 சதவீதமும், இருவர் இருந்தால் 86 சதவீதமும், மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்தால் 182 சதவீதமும் உயர்ந்தது. முப்பது வயதைக் கடந்த ஓட்டுநர்களிடம் இத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஒத்த வயதினரின் பேச்சும் சிரிப்பும் தூண்டுதலும் இளைஞரின் கவனத்தை எவ்வளவு சிதறச் செய்கின்றன என்பதற்கு இது சான்றாகும்.

மூன்று படிகள்

படிமுறை உரிமத்தில் பொதுவாக மூன்று படிகள் உண்டு. முதற்படியில் பயிலுநர், உரிமம் பெற்ற பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே ஓட்டலாம். இரண்டாம் படியில் தனியே ஓட்டலாம். ஆயினும் குறித்த இரவு நேரத்தில் ஓட்டுவதும், இளம் பயணிகளை ஏற்றிச் செல்வதும் தடுக்கப்படும் அல்லது வரையறுக்கப்படும். இவ்விரு படிகளையும் குற்றமின்றிக் கடந்தவருக்கே மூன்றாம் படியாகிய முழு உரிமம் வழங்கப்படும்.

இக்கருத்தை 1970-களில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், வட கரோலினாவில் பணியாற்றிய பட்ரீசியா வாலர் என்னும் அமெரிக்க அறிஞர். எனினும், இதனை முழுமையான சட்டமாக முதலில் நடைமுறைப்படுத்திய நாடு நியூசிலாந்து ஆகும். அங்கு 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இம்முறை தொடங்கிற்று. இரண்டாம் படியில் இருந்தோர் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டலாகாது என்றும், மேற்பார்வையாளர் இன்றிப் பயணிகளை ஏற்றலாகாது என்றும் விதிக்கப்பட்டது. பயிலுநருக்குரிய குறைந்த வயது முதலில் 15 ஆக இருந்தது. 2011-இல் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. இருபது வயதுக்குட்பட்டோர் ஒரு துளி மதுவும் அருந்தி ஓட்டலாகாது என்னும் விதியும் அவ்வாண்டிலேயே வந்தது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குட்பட்ட பயிலுநர், மேற்பார்வையில் 120 மணி நேரம் ஓட்டிய பின்னரே தேர்வுக்குச் செல்ல முடியும். அமெரிக்காவில் 1996-இல் புளோரிடா மாநிலமும், 1997-இல் மிச்சிகன், வட கரோலினா மாநிலங்களும், பின்னர் ஏனைய மாநிலங்களும் இம்முறையை ஏதேனும் ஒரு வடிவில் மேற்கொண்டன.

கண்ட பயன்

1996-ஆம் ஆண்டையும் 1999-ஆம் ஆண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளின்படி, 16 வயதினரின் விபத்து வீதம் மிச்சிகனில் 25 சதவீதமும், வட கரோலினாவில் 23 சதவீதமும் குறைந்தது. வட கரோலினாவில் உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள் 57 சதவீதம் குறைந்தன. இரவு விபத்துகள் பகல் விபத்துகளைவிட அதிகமாகக் குறைந்தமை, கட்டுப்பாடு எங்கு விதிக்கப்பட்டதோ அங்கேயே பயன் மிகுந்தது என்பதைக் காட்டுகிறது.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2011-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, கடுமையான படிமுறைச் சட்டமுள்ள மாநிலங்களில் 16 வயதினரின் உயிரிழப்பு விபத்துகள் பெரிதும் குறைந்தபோதிலும், 18 வயதினரிடையே அவை ஓரளவு உயர்ந்திருந்ததைக் கண்டது. பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது நிறைந்ததும் கட்டுப்பாடுகள் நீங்கிவிடும். ஆகவே சிலர் அவ்வயது வரை காத்திருந்து, படிகளில் ஏறாமலே முழு உரிமம் பெற்றிருக்கலாம் என்பது கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. நியூ ஜெர்சி மாநிலம், 21 வயதுக்குட்பட்ட புதிய ஓட்டுநர் அனைவருக்கும் படிமுறையைப் பொருத்தியுள்ளது. வயது மட்டும் முதிர்ந்தால் போதாது. 18 வயதில் தொடங்குபவரும் தொடக்கநிலை ஓட்டுநரே. நம் நாட்டுக்கு இப்பாடம் பெரிதும் பொருந்தும்.

நமது சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் பொதுச் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத என்ஜினுடைய மோட்டார் சைக்கிளை மட்டும் 16 வயது நிறைந்தவர் உரிமம் பெற்று ஓட்டலாம். இன்று பரவலாக ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அவ்வளவைக் கடந்தவை. ஆதலின் பள்ளி மாணவர் அவற்றை ஓட்டிவருவது சட்டத்துக்குப் புறம்பானது.

பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்ததும் ஓட்டும் தேர்வுக்குச் செல்லலாம். பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' எழுத்துப் பலகை இருத்தல் வேண்டும். காராயின் உரிமம் பெற்ற ஒருவர் உடனிருத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிளாயின் கற்பிப்பவரைத் தவிர வேறெவரையும் ஏற்றலாகாது. ஆக, முதற்படி நம்மிடம் உண்டு; முழு உரிமமும் உண்டு. இடைப்படி இல்லை. தேர்வில் வென்ற அன்றிரவே நண்பர்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்வதைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோரின் பொறுப்பை உறுதிப்படுத்தியுள்ளது. உரிமமற்ற சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி செய்ததாகவோ மெய்ப்பிக்காத வரை, காப்பாளரோ வாகன உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் உள்ளாவர். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். அச்சிறார் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கது

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தண்டனையை எடுத்துரைப்பது தேவையே. ஆயினும் அச்சத்தைவிட அறிவே நிலைத்த பயன் தரும். பெற்றோர் கூட்டங்களிலும் ஊர்க் கூட்டங்களிலும் மேற்கூறிய காரணங்களை விளக்குதல் நன்று. “என் மகன் நன்றாக ஓட்டுவான்” என்னும் பெற்றோரின் சொல் பெரும்பாலும் உண்மையே. ஆனால் அது கையின் திறமையைக் குறிப்பதேயன்றி, சாலை அறிவைக் குறிப்பதன்று என்பதை அவர்களுக்கு நயமாக உணர்த்த வேண்டும்.

சட்டத்தில் இல்லாத இடைப்படியைக் குடும்பமே அமைத்துக்கொள்ளலாம். அதற்கான நெறிகள் எளியவை:

1. பதினெட்டு வயதுக்கு முன் வண்டிச் சாவியைக் கொடுத்தலாகாது.

2. முப்பது நாளோடு பயிற்சியை நிறுத்தாமல், பல மாதங்கள் பெரியவரின் மேற்பார்வையில் வெவ்வேறு சாலைகளிலும், மழையிலும், அந்திப் பொழுதிலும் பழகச் செய்தல் வேண்டும்.

3. உரிமம் பெற்ற முதலாண்டில் இரவுப் பயணத்தையும் நண்பர்களை ஏற்றுவதையும் தவிர்த்தல் வேண்டும்.

4. தலைக்கவசமோ இருக்கைப் பட்டையோ அணியாமல் ஒருபோதும் புறப்படலாகாது.

இக்கட்டுப்பாடுகள் இளைஞர் மீது கொண்ட ஐயத்தால் எழுந்தவை அல்ல. நீச்சல் பழகுபவரை முதலில் இடுப்பளவு நீரில் நிறுத்துவது அவமதிப்பு ஆகாது. ஆழத்துக்குச் செல்ல அவரை ஆயத்தம் செய்வதே ஆகும். சாலைக்கும் இம்முறையே பொருந்தும்.